வெளிப்படகின் கயிறும் கரைக்கு வரட்டும்: காசிமேட்டு விசைப்படகு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

விசைப்படகு வைத்திருக்கும் ஓனர் அண்ணன்மாருக்கும், சங்கப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும்,

வாடைக் காலம் தொடங்குவதற்குள் படகு கட்டும் ஒழுங்கைப் பேசி முடிக்க வேண்டும் என்று கேட்டோம். “அவரவர் படகை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. படகுக்குப் பக்கத்தில் படகு என்று எட்டும் பத்துமாக அடுக்கிக் கட்டுகிற இடத்தில் அவரவர் படகு என்று தனியாக எதுவும் கிடையாது. கரையோரப் படகின் கயிறு அறுந்தால் பத்தாவது படகும் சேர்ந்து போகிறது. பத்தாவது படகில் தண்ணீர் ஏறினால் ஒன்பதாவது சாய்கிறது. இதைத் தினமும் பார்க்கிற டிரைவர்களும், படகிலேயே ராக்காவல் படுக்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. அப்படியும் காசிமேட்டில் அலைத்தடுப்புச் சுவருக்குள்ளே கட்டிப் போட்டிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன, சில மூழ்கின. கட்டிய இடத்திலேயே படகு போனால் அதற்குக் காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. எப்படிக் கட்டியிருந்தோம் என்று கேட்க வேண்டும்.

இப்போது நடக்கிற முறை உங்களுக்கே தெரியும். வார்ஃபை, அதாவது படகு அணையும் கரைச் சுவரை, ஒட்டி நிற்கும் முதல் படகுக்கு அணியத்தில், அதாவது முன்முனையில், ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. இரண்டாவது படகு, முதல் படகின் டெக்கில் கயிறு கட்ட வைத்திருக்கும் கட்டுக்கட்டையில் கட்டுகிறது. மூன்றாவது இரண்டாவதில். கடைசியில் வரிசை முழுவதையும் கரையோடு பிடித்திருப்பது முதல் படகின் அந்த இரண்டு கயிறுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் அதன் தள்ளல் நான்கு மடங்கு ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் அசையாமல் நின்ற கட்டு, 60 கிலோமீட்டர் காற்றில் நான்கு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அதே இரண்டு கயிற்றில் அது நடக்காது.

முதலில் போவது கயிறு என்று பலர் நினைக்கிறார்கள். மரப்படகில் பல சமயம் கட்டுக்கட்டைதான் முதலில் பிடுங்கிக்கொண்டு வருகிறது. டெக் பலகையில் போல்ட் அடித்திருப்பார்கள். அடியில் இரும்புத் தகடோ தாங்குகட்டையோ இருக்காது. தன் படகு ஒன்றை மட்டும் பிடிக்க வைத்த கட்டை, ஏழு படகின் இழுப்பைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கயிற்றையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். வார்ஃபின் கான்கிரீட் விளிம்பில் கயிறு மடங்குகிற இடத்தைக் கையில் பிடித்துப் புரியைத் திருகிப் பிரித்தால், வெளியே பஞ்சு மாதிரி நூல் கிளம்பியிருக்கும். உள்ளே மணலும் உப்பும் கரகரக்கும். ஒவ்வொரு அலைக்கும் கயிறு அந்த விளிம்பில் ஒரு சாண் முன்னும் பின்னும் அறுக்கிறது. ராத்திரி முழுக்க இது நடந்தால் எந்தக் கயிறும் நிற்காது. தண்ணீர் உறிஞ்சும் குழாயான சக்ஷன் ஹோஸில் பழையதை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் கீறி, அந்த இடத்தில் கயிற்றுக்கு மேல் மாட்டி இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டினால் போதும். பழைய ஹோஸ் எல்லாப் படகிலும் கிடக்கிறது. செலவே இல்லாத வேலை, ஆனால் பாதிப் படகுகளில் செய்யவில்லை.

கயிறு வாங்கும்போதும் விலையை மட்டும் பார்க்கிறீர்கள். பி.பி. (பாலிபுரொப்பிலீன்) கயிறு மலிவு, ஆனால் வெயிலில் இற்றுப்போகும். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளையாகத் தூள் கொட்டும். அந்தத் தூள் வந்துவிட்டால் அந்தக் கயிறு முடிந்தது. அது மிதக்கவும் செய்யும், அவிழ்த்து விட்ட முனை பக்கத்துப் படகின் புரொப்பல்லரில் சுற்றும். நைலான் நீண்டு கொடுக்கும், அலையின் உதறலை வாங்கிக்கொள்ளும், தண்ணீரில் அமிழும். கரைக்குப் போகும் கயிறு நைலானாக, 24 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முனையில் முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். முனையைப் புரி பிரித்து வளையமாகப் பின்னிய கண்ணியில் பத்தில் ஒரு பங்குதான் குறையும். பின்னத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறார்கள், கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

இனி எங்கள் முக்கியமான கோரிக்கை. வரிசையில் எத்தனையாவது படகாக இருந்தாலும், அதன் அணியத்திலிருந்து ஒரு கயிறும் பின்புறத்திலிருந்து ஒரு கயிறும் நேராகக் கரைக்கு வர வேண்டும். பக்கத்துப் படகில் கட்டுவது படகுகள் விலகாமல் இருக்கத்தான். பிடித்து நிற்க வேண்டியது கரையை. படகின் அகலம் ஆறு மீட்டர் என்று வைத்தால் ஐந்தாவது படகின் வெளிப்பக்கம் வார்ஃபிலிருந்து 30 மீட்டர். கயிறு சாய்வாகப் போக வேண்டும் என்பதால் 50 மீட்டர் தேவைப்படும். அந்தக் கயிறு உள்படகுகளின் டெக் மேல் போகக் கூடாது. அவற்றின் அணியத்துக்கு முன்னால், பின்புறத்துக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். டெக் மேல் போட்டால் இருட்டில் ஆள் தடுக்கி விழுவான். உள்படகு கிளம்பும்போது அதை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போவார்கள்.

படகுக்கும் படகுக்கும் நடுவே நான்கு கயிறு வேண்டும். அணியத்தோடு அணியம், பின்புறத்தோடு பின்புறம் என்று இரண்டு. நம் அணியத்திலிருந்து பக்கத்துப் படகின் பின்புறத்துக்கும், நம் பின்புறத்திலிருந்து அதன் அணியத்துக்கும் சாய்வாகப் போகும் இரண்டு. இந்தச் சாய்வுக் கயிற்றைத்தான் யாரும் போடுவதில்லை. அது இல்லாவிட்டால் வெளிக்கடலிலிருந்து நெடிய அலை உள்ளே வரும்போது படகுகள் ஒன்று முன்னே ஓட, ஒன்று பின்னே ஓட, நடுவில் மாட்டிய டயர் தேய்ந்து கயிறு அறுந்து விழுகிறது. அதன் பிறகு பலகையும் பலகையும்தான். இன்னொன்று, படகு ஓட்டும் அறையான வீல்ஹவுஸ் இரண்டும் நேருக்கு நேர் வராமல் ஒரு படகை ஓரிரு மீட்டர் முன்தள்ளிக் கட்ட வேண்டும். உருளும்போது கீழே டயர் இருக்கும். மேலே கூரையும் கூரையும் இடிப்பதைத் தடுக்க எதுவும் இருக்காது.

டயரைப் பற்றி நிறையச் சண்டை பார்த்துவிட்டோம். “அவன் டயர் மாட்டட்டும், நான் எதற்கு” என்பதே ஒவ்வொரு ஓனரின் பேச்சும். இரும்புப் படகு மரப்படகின் பக்கத்தில் வந்து கட்டும்போது டயர் மாட்ட வேண்டிய பொறுப்பு வந்து கட்டுகிறவனுடையது என்பதே எங்கள் தீர்ப்பு. உயரம் வேறாக இருப்பதால் இரும்புப் படகின் ஓரப்பட்டை மரப்படகின் பட்டைக்கு மேலேயோ கீழேயோ போய்ப் பலகையில் குத்தும். அதனால் ஒரே உயரத்தில் வரிசையாக மாட்டினால் பயனில்லை. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு உயரத்தில், ஒரு பக்கத்துக்கு ஐந்து இடத்திலாவது மாட்ட வேண்டும். கம்பியில் தொங்கவிட்டால் கம்பி துருப்பிடித்து அறும், அறுந்த முனை பக்கத்துப் படகைக் கிழிக்கும். கயிற்றில் மாட்டுங்கள். டயரின் அடியில் ஒரு துளை போட்டால் மழைத்தண்ணீர் தேங்கிக் கனக்காது, கொசுவும் வராது.

கரையில் இருக்கும் கட்டுத்தூண்கள் குறைவு, ஒரே தூணில் ஐந்தாறு கண்ணி கிடக்கிறது. அடியில் கிடக்கும் கண்ணிக்காரன் கிளம்ப வேண்டுமானால் மேலே இருப்பதையெல்லாம் கழற்றிப் போடுகிறான், திரும்ப மாட்டுவதில்லை. நடு ராத்திரியில் வரிசை அவிழ்ந்து மிதக்க இது ஒன்றே போதும். இதற்கு எளிய வழி இருக்கிறது. தூணில் ஏற்கெனவே கிடக்கும் கண்ணிகளுக்குள் உங்கள் கண்ணியைக் கீழிருந்து மேலாக நுழைத்து எடுத்து, அப்புறம் தூணின் தலையில் மாட்டுங்கள். அப்படிச் செய்தால் எந்தக் கண்ணியையும் மற்றதைத் தொடாமல் உருவலாம். புதிதாக வரும் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது டிரைவர்களின் வேலை. எங்கள் பங்குக்கு அதை நாங்கள் செய்கிறோம்.

உள்படகு கிளம்புவதுதான் அதிகத் தகராறு வருகிற நேரம். ஐஸ் ஏற்றி, டீசல் போட்டு, ஆள் ஏறியாகிவிட்டது. வெளியே நான்கு படகு நிற்கிறது. ஒன்றில் வீல்ஹவுஸ் பூட்டு, ஒன்றில் ஆளே இல்லை, ஒன்றின் டிரைவர் போன் எடுக்கவில்லை. கடைசியில் அரிவாள் எடுத்துக் கயிற்றை வெட்டுகிறார்கள். வெட்டியவனை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒழுங்காகச் செய்தால் இது கால் மணி நேர வேலை. முதலில் எந்தப் பக்கம் கிளம்புவது என்று பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அந்தப் பக்கத்து வெளிப்படகுக் கயிறுகளை மட்டும் அவிழ்க்க வேண்டும், எதிர்ப்பக்கம் அப்படியே இருக்கட்டும். அவிழ்த்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்பும் படகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே நிற்கும் படகுக்குக் கொடுத்துவிட வேண்டும். படகு வெளியேற வெளியேற அந்தக் கயிற்றை இழுத்தால் வரிசை தானாக மூடிக்கொள்ளும். இதற்கு வெளிப்படகு ஒன்றில் இரண்டு பேர், உள்படகில் ஒருவர் வேண்டும். ஆள் இல்லாத படகை வெளியில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் அத்தனைக்கும் மூலம்.

கிளம்பும் டிரைவர்களுக்கும் ஒரு சொல். வரிசைக்குள்ளிருந்து ரிவர்ஸில் எஞ்சினை முழுசாக முறுக்காதீர்கள். அந்தத் தண்ணீர் வீச்சில் பின்னால் நிற்கும் சின்ன ஃபைபர் படகுகள் விசைப்படகுகளுக்கு நடுவே போய் நசுங்குகின்றன. அவர்களும் நம்மைப் போலத் தொழில் செய்கிறவர்கள், அவர்கள் படகு உடைந்தால் அன்றைய அடுப்பு எரியாது.

வார்ஃபுக்கு அணியத்தைக் கொடுத்துப் பின்னால் நங்கூரம் போட்டு நிற்கும் படகுகளில் வேறு சிக்கல். ஒருவன் நங்கூரக் கயிற்றை நீளமாக விடுகிறான், பக்கத்தில் இருப்பவன் குறுக்கிவிடுகிறான். காற்று திரும்பினால் இரண்டும் வெவ்வேறு தூரத்தில் ஆடி மோதுகின்றன. ஒரே வரிசையில் நிற்பவர்கள் ஒரே நீளம் விட வேண்டும்: கயிறானால் ஆழத்தின் ஏழு மடங்கு, சங்கிலியானால் ஐந்து மடங்கு. அவ்வளவு விட இடம் இல்லாவிட்டால் அங்கே அப்படி நிற்கவே கூடாது. நங்கூரத்தின் தலையில் கயிறு கட்டிப் படகு எண் எழுதிய ஒரு வெள்ளை கேனை மிதக்க விட்டால், எந்த நங்கூரம் எங்கே கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் சங்கிலி உங்கள் நங்கூரத்தில் மாட்டி வந்தால் வெட்டாதீர்கள். மேலே தூக்கி, அந்தச் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றை விட்டு இரண்டு முனையையும் உங்கள் படகில் கட்டுங்கள். பிறகு உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் அது தானாகக் கழன்று வரும். கடைசியாகக் கயிற்றின் ஒரு முனையை விட்டால் அவர் சங்கிலி அடியில் போய்விடும்.

தண்ணீர் ஏறும் படகைப் பற்றி ஓனர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும், புயலுக்காகக் கடலுக்குப் போகாத நாட்களிலும், பல படகுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. சுக்கான் பக்கத்துக் கிளாண்டில் (தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்பில்) சொட்டும் தண்ணீர் சின்னதுதான். பேட்டரி இறங்கிய அன்றிலிருந்து ஆட்டோமேட்டிக் பம்பு வேலை செய்யாது, அப்புறம் அது சின்னதில்லை. அந்தப் படகு பக்கத்துப் படகோடு இறுகக் கட்டியிருப்பதால் மூழ்கும்போது அதன் ஓரத்தையும் சேர்த்து அமுக்குகிறது. ராக்காவல் படுப்பவன் தண்ணீர் ஏறுவதைக் கண்டாலும் பூட்டை உடைக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. உடைத்தால் திருட்டுப் பட்டம், உடைக்காவிட்டால் படகு போகும்.

நெருப்பு இதைவிட வேகமானது. 2023 நவம்பரில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ராத்திரி பிடித்த தீயில் நெருக்கிக் கட்டியிருந்த 30க்கும் மேற்பட்ட படகுகள் எரிந்து சேதமாயின. ஒவ்வொரு படகிலும் டீசல், கேஸ் சிலிண்டர், நைலான் வலை. நம் துறைமுகத்திலும் அதே பொருள், அதே நெருக்கம். எரியும் படகை அவிழ்த்து விட்டால் போதாது. காற்று அதை மறுபடி வரிசைக்கே கொண்டுவரும். இழுத்துப் போக ஒரு படகு தயாராக இருக்க வேண்டும். கயிறு எரிந்துவிடும் என்பதால் எரியும் படகில் மாட்ட நாலைந்து மீட்டர் சங்கிலியும் கொக்கியும் வேண்டும். தடைக்காலத்தில் வரிசைக்கு நடுவே வெல்டிங் வைப்பதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். வெல்டிங் வேலை இருக்கும் படகை வரிசையின் வெளிக்கோடிக்கு, காற்று போகும் பக்கத்துக்கு மாற்றிவிட்டுச் செய்யட்டும்.

படகு தாண்டிப் போகிறவர்களுக்கும் ஒழுங்கு வேண்டும். அணியம் வழியாகத் தாண்ட வேண்டும். வலை மேல் மிதிக்கக் கூடாது. படுத்திருப்பவன் முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. ஐஸ் பெட்டியைப் பலகையில் இழுத்துப் போகக் கூடாது. “அண்ணே, தாண்டிக்கட்டுமா” என்று ஒரு வார்த்தை கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. எண்ணெய் கலந்த அடித்தண்ணீரை வரிசைக்குள் பம்பு அடித்து விடாதீர்கள். அது கயிற்றிலும் டயரிலும் ஒட்டி, பிடித்தால் வழுக்கும்.

இடம் போதாதது உண்மை. திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். அங்கே போகக்கூடிய படகுகள் போகட்டும். ஆனால் புது இடம் வந்துவிட்டது, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. கட்டத் தெரியாவிட்டால் இரண்டே படகு நின்றாலும் மோதும்.

எல்லாவற்றையும் விட எங்களைச் சுடுவது ஒன்று உண்டு. வரிசையில் மோதி உடைந்த படகின் ரிப்பேர் செலவை, மீன் விற்ற பணத்தில் எங்களுக்கு வரும் தொழிலாளர் பங்கில் கழிக்கிறார்கள். கயிறு வாங்கித் தராத படகில், டயர் மாட்டாத படகில், ஆள் வைக்காத படகில் உடைந்ததற்குக் கடலுக்குப் போன ஆட்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

ஆகவே கேட்கிறோம். அக்டோபர் 15க்கு முன்னால் ஓனர்கள், டிரைவர்கள், ராக்காவலர்கள் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு கூட்டம் போடுங்கள்; ஃபைபர் படகுக்காரர்களையும் கூப்பிடுங்கள். ஒரு வரிசையில் ஆறு படகுக்கு மேல் கட்டக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். துறைமுகத்தில் 1 அல்லது 2ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய உடனே அதை நான்காகக் குறைக்க வேண்டும். 3 ஏறினால் துறைமுகமே பலத்த காற்றில் மாட்டப் போகிறது என்று பொருள், அப்போது படகு நகர்த்தப் போனால் ஆள் கை நசுங்கும். அந்த நாட்களில் வரிசையின் கடைசிப் படகு துறைமுகத்தின் நடுப்பக்கமாக நங்கூரம் போட்டு, வரிசை வார்ஃபில் அடிக்காமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். வீல்ஹவுஸ் கூரை மேல் இருக்கும் வலை, கேன், பெட்டி எல்லாம் கீழே இறங்க வேண்டும்.

ஒவ்வொரு படகுக்கும் 50 மீட்டர் நைலான் கயிறு இரண்டும், கயிற்றில் மாட்டிய டயர் பக்கத்துக்குப் பத்தும் ஓனர் செலவில் வாங்கித் தர வேண்டும். அது இல்லாத படகை வரிசையில் சேர்க்க மாட்டோம் என்று சங்கமே சொல்ல வேண்டும். வீல்ஹவுஸின் இரண்டு பக்கமும் டிரைவர் நம்பரையும் ஓனர் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வரிசைக்கு இரண்டு பேர் என்று ராக்காவல் வையுங்கள், சம்பளத்தை அந்த வரிசை ஓனர்கள் பிரித்துக் கொடுங்கள். படகுச் சாவி ஒன்று அவர்கள் கையில் இருக்கட்டும். தண்ணீர் ஏறினால், தீப்பிடித்தால் கேட்காமல் திறக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். வரிசைக்கு ஒரு தனிப் பம்பு, இரண்டு தீயணைப்பு சிலிண்டர், ஒரு கோடாலி, இழுவைச் சங்கிலி ஒன்று வாங்குங்கள்.

கடலுக்குப் போகாமல் வருஷக்கணக்கில் இடத்தை அடைத்துக் கிடக்கும் படகுகளை அவற்றின் ஓனர்களே இந்தப் பருவத்துக்குள் வெளியேற்ற வேண்டும். மோதலில் சேதம் வந்தால் மூன்று நாளுக்குள் இரண்டு தரப்பு டிரைவர்களையும் வைத்துச் சங்கம் விசாரிக்க வேண்டும்; எந்தக் கயிறு, எந்த டயர் இல்லை என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தச் செலவில் ஒரு ரூபாயும் தொழிலாளர் பங்கில் கழிக்கக் கூடாது.

கூட்டத்தின் தேதியை ஏலக்கூடத்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். நாங்கள் எல்லோரும் வருகிறோம்.

இப்படிக்கு,
காசிமேட்டில் படகு ஓட்டுகிறவர்களும் படகு காக்கிறவர்களும்